பொது நிர்வாகமும் பன்னாட்டு உறவும் சேர்ந்த கூட்டு முதுகலைப் பட்டம்: சென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகரில் அறை எடுத்து யு.பி.எஸ்.சி.க்கு சில வருடம் படித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர்களும், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு அரசுத் துறைப் பக்கம் வர நினைப்பவர்களும்தான் இந்தப் படிப்பைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். நடுநடுவே பெற்றோர். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். அதை அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப் பட்டம் என்றால் ஒரு பட்டமா, இரண்டு பட்டமா?

இரண்டு. பொது நிர்வாகத்தில் ஒரு முதுகலை, பன்னாட்டு உறவில் ஒரு முதுகலை. தனித்தனியாகச் சேர்ந்தால் இன்னும் அதிகக் காலம் இழுக்கும். இரண்டுக்கும் பொதுவான பாடங்களை ஒரே தடவை படித்தால் போதும் என்று விடுவதால், ஏறத்தாழ இரண்டு வருடத்தில் முடிகிறது.

அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளி இதற்குப் பேர்போனது. 1924-ல் தொடங்கியது. அதன் டீனாக இருந்த பால் ஆப்பிள்பி, இந்திய நிர்வாகத்தை ஆராய்ந்து 1953-ல் நேரு அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டித்தான் 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது. நம் ஊர் பப்ளிக் அட்மின் பாடத்தில் அந்தப் பள்ளியின் வாடை கொஞ்சம் அடிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

பெயரில் 'கூட்டு' இல்லாமலே இரண்டையும் தரும் இடங்களும் உண்டு. பிரின்ஸ்டனில் இரண்டு வருடப் பொது நிர்வாக முதுகலைக்குள்ளேயே பன்னாட்டு உறவு ஒரு பிரிவு. கொலம்பியாவின் சீபா பள்ளியில் இரண்டும் தனித்தனிப் பட்டங்கள். ஆனால் அங்கே ஒரு வருடம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலோ பாரிஸின் சியான்ஸ் போவிலோ ஒரு வருடம் என்று படித்து இரண்டு நிறுவனங்களிலும் பட்டம் வாங்க வழி இருக்கிறது. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், எந்தெந்தப் பாடம் கட்டாயம் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள்.

ஒன்றைப் படித்தால் போதாதா? எதற்கு இரண்டு?

பலருக்கு ஒன்றே போதும். இரண்டும் தேவைப்படுவது, ஒரே கோப்பு கலெக்டர் அலுவலகத்திலும் தூதரகத்திலும் ஒரே சமயத்தில் திறந்து கிடக்கிற விவகாரங்களில். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட விவகாரம் தேட வேண்டியதே இல்லை.

பாக் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. தகவல் முதலில் வருவது மீன்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்துக்கு. அங்கிருந்து கலெக்டர், சென்னைத் தலைமைச் செயலகம், பிறகு முதலமைச்சரின் கடிதம் டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கு. யாழ்ப்பாணத்தில் 2010-லிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. இங்கே அந்தக் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை போகிறதா என்று பார்ப்பது மாவட்ட நிர்வாகம். 1974, 1976 ஒப்பந்தங்கள், கச்சத்தீவு, கடல் எல்லை என்று பேசுவது பன்னாட்டு உறவு. படகுக்காரருக்கு மாற்றுத் தொழில் காட்டுவது பொது நிர்வாகம்.

அந்த மாற்றுத் தொழில் திட்டம் வந்தது 2017-ல். இழுவைமடியை விட்டுவிட்டு ஆழ்கடலில் தூண்டில் போட்டு சூரை பிடிக்கும் படகுக்கு மாறுங்கள் என்றார்கள். படகு ஒன்று 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. இலக்கு 2,000 படகு. காகிதத்தில் பழுதே இல்லை. நடைமுறையில் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகிய ஆளிடம் வாரக் கணக்கில் கடலில் கிட என்றால், அந்த டீசல் செலவையும் வங்கித் தவணையையும் அவர் எப்படிக் கணக்குப் போடுவார் என்று யோசிக்க வேண்டாமா? வெளியுறவுப் பாடம் மட்டும் படித்தவருக்கு இந்தத் திட்டம் ஏன் தேவை என்று புரியும், ஏன் ஓடவில்லை என்று புரியாது. நிர்வாகம் மட்டும் படித்தவருக்கு அது நேர்மாறாக இருக்கும்.

மீனவர் விவகாரம் தூரம் என்றால் வீட்டுத் தெருவையே பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் தோண்டிய கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் பணிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன். பேரூரில் நாளைக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்காவும் வேறு சில பன்னாட்டு வங்கிகளும். ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரியான இடங்களில் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய நிதி அமைச்சகம். வடிகால் வேலையை நடத்துவது ரிப்பன் மாளிகை, அதாவது சென்னை மாநகராட்சி. டெண்டர் எப்படி விட வேண்டும், மரம் வெட்டினால் என்ன செய்ய வேண்டும், குடியிருப்போர் புகார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் கடன் கொடுத்த வங்கிக்கும் தனி விதி இருக்கிறது, நம் அரசுக்கும் தனி விதி இருக்கிறது. கோவளம் பணியில் ஈ.சி.ஆர். கடலோரப் பகுதிக்கு இந்த வடிகாலே வேண்டாம் என்று குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அந்த மாதிரி நேரத்தில் இரண்டு விதிப்புத்தகத்தையும் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் அலுவலகத்தில் இருப்பது அபூர்வம். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படி ஒரு விவகாரம் உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பட்டம் உங்களுக்கானது. இல்லையென்றால் முதலில் வேலைக்குப் போங்கள், விவகாரம் தானாக வந்து மாட்டும்.

இதைச் சென்னையிலேயே படிக்க முடியாதா?

ஒரே சேர்க்கையில் இரண்டு பட்டம் என்று இங்கே கிடைப்பது கடினம். ஆனால் நாமே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.

இங்கே மூன்று ஏற்பாடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், கல்லூரி அலுவலக ஊழியர்கள் உட்பட. 2022-ல் யு.ஜி.சி. ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது: இந்தியக் கல்வி நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமும் கைகோத்து கூட்டுப் பட்டமோ இரட்டைப் பட்டமோ தரலாம். இதில் வரும் இரட்டைப் பட்டம் ஒரே துறைக்கானது. இரண்டு வெவ்வேறு துறையை ஒரே சமயத்தில் படிப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. அதாவது நாம் பேசுகிற படிப்பு இது இல்லை. நமக்கு உதவுவது அதே ஆண்டு ஏப்ரலில் வந்த வேறொரு வழிகாட்டுதல். அதன்படி, வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் ஒருவர் இரண்டு முழுநேரப் படிப்பில் இருக்கலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம்.

இந்த இரண்டாவது வழிதான் சென்னைக்கு ஒத்துவரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. பாதுகாப்பு மற்றும் மூலோபாய ஆய்வுக்குத் தனித் துறை இருக்கிறது. பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பன்னாட்டு ஆய்வில் முதுகலை உண்டு. தொலைநிலையில் பொது நிர்வாகம் படிக்க சைதாப்பேட்டைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. பகலில் பன்னாட்டு உறவு, வீட்டில் பொது நிர்வாகம் என்று இரண்டு வருடத்தில் முடித்தால், செலவு அமெரிக்காவில் ஒரு மாத வாடகைக்குள் அடங்கிவிடும். சேருவதற்கு முன் நேரில் படிக்கும் நிறுவனத்திடம் இதற்கு ஒப்புதல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழின் அசல் எங்கே இருக்கிறது என்பதில்தான் பிரச்சனை வரும்.

குறை என்னவென்றால், இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்ட ஆள் இருக்காது. தொலைநிலைப் புத்தகம் மேக்ஸ் வெபரில் ஆரம்பித்து அதிகாரப் படிநிலையில் நிற்கும். பகல் வகுப்பு பனிப்போரில் நிற்கும். நடுவில் இருப்பதை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து நீங்களாகத்தான் நிரப்ப வேண்டும்.

யு.பி.எஸ்.சி.க்கு உதவுமா?

இதற்காகவே சேர்வதானால் வேண்டாம்.

மெயின் தேர்வின் இரண்டாவது பொது அறிவுத் தாள் ஆட்சிமுறை, அரசமைப்பு, சமூக நீதி, பன்னாட்டு உறவு எல்லாம் சேர்ந்தது, 250 மதிப்பெண். பார்க்க அப்படியே இந்தக் கூட்டுப் பட்டம் மாதிரி இருக்கும். 2013-க்கு முன்பு இரண்டு விருப்பப் பாடம் எடுக்கலாம், ஆனால் பொது நிர்வாகத்தையும், பன்னாட்டு உறவு அடங்கிய அரசியல் அறிவியலையும் சேர்த்து எடுக்க அப்போதும் விதி விடவில்லை. இப்போது விருப்பப் பாடம் ஒன்றுதான். தேர்வுக்கு வேண்டியது ஏழு நிமிடத்தில் 150 வார்த்தை எழுதும் பழக்கம். வெளிநாட்டுப் பல்கலை கேட்பது ஒரு கேள்விக்கு மூன்று வாரம் மண்டையை உடைத்து 20 பக்கம் எழுதும் பழக்கம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்றே சொல்வேன்.

வயதையும் பாருங்கள். பொதுப் பிரிவுக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் பிரிவினருக்கு 37. நடுவில் இரண்டு வருடம் வெளிநாடு போனால் அந்த இரண்டு வருடம் போனதுதான்.

எதிர்த்திசையில் மட்டும் இது வேலை செய்கிறது. மெயின் எழுதி, இன்டர்வியூ வரை போய், பட்டியலில் வராதவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். அவர்கள் படித்த படிப்பு விண்ணப்பத்தில் செல்லுபடியாகும். "நான்கு முயற்சி தோல்வி" என்று குனிந்துகொண்டு எழுதாமல், அந்தக் காலத்தில் எந்தக் கொள்கையை ஆழமாகப் படித்தேன் என்று எழுத வேண்டும்.

வேலை அனுபவம் கட்டாயமா?

விதியில் பெரும்பாலும் கட்டாயம் இல்லை. நடப்பில் வேண்டும். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் கென்யாவின் நிதித் துறையிலிருந்தோ நேபாளத்தின் தேர்தல் ஆணையத்திலிருந்தோ வந்திருப்பார். கல்லூரியிலிருந்து நேராகப் போகிற பிள்ளைக்கு அங்கே வாய் திறக்கவே பயமாக இருக்கும். இரண்டு மூன்று வருடம் எங்காவது, ஒரு பஞ்சாயத்தில் கணக்கெடுப்பு வேலையாக இருந்தாலும் சரி, செய்துவிட்டுப் போவது நல்லது.

மூன்று வருட பி.ஏ.தான். சேர்ப்பார்களா?

அமெரிக்காவில் பல இடங்களில் சேர்க்கிறார்கள், சில இடங்களில் நான்கு வருடம் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஏற்கெனவே இங்கே ஒரு எம்.ஏ. முடித்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அரியர் இருந்து பிறகு முடித்தது பெரிய குறை இல்லை, மறைப்பதுதான் குறை.

எனக்குக் கணக்கு வராது. அதனால்தான் ஆர்ட்ஸ் படித்தேன்.

அப்படியென்றால் பன்னாட்டு உறவு மட்டும் படியுங்கள். பொது நிர்வாகப் பக்கத்தில் புள்ளியியல், பொருளாதாரம், பட்ஜெட் ஆகிய மூன்றும் தப்பிக்க முடியாத பாடங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. பிளஸ் டூ கணக்கு போதும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். போவதற்கு ஆறு மாதம் முன்பே தமிழ்நாடு பட்ஜெட் ஆவணத்தை இறக்கி, ஒரே ஒரு துறையின் மூன்று வருட வருவாய்ச் செலவை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். திருத்திய மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று ஒரு கேள்வி தோன்றினால், பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் இடிக்குமா?

முதல் பருவத்தில் இடிக்கும். வாரத்துக்கு முந்நூறு, நானூறு பக்கம் படிக்கச் சொல்வார்கள். டோஃபலில் 100, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7 என்பது நல்ல பள்ளிகளில் வழக்கமான எதிர்பார்ப்பு. ஜி.ஆர்.இ. பல இடங்களில் இப்போது கட்டாயமில்லை.

பயிற்சிக்கு நான் சொல்வது அரசின் கொள்கை விளக்கக் குறிப்பு. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். துறைச் சொற்கள் இரு மொழியிலும் படியும், கூடவே அரசு எப்படிப் பேசுகிறது என்றும் தெரியும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இது கிடைக்காது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? கடன் வாங்கலாமா?

அமெரிக்கத் தனியார் பல்கலையில் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். வாடகை, சாப்பாடு, காப்பீடு சேர்த்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கோடி கடன், வட்டி 10.5 சதவீதம், 15 வருடம். மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். சென்னையில் கொள்கை ஆய்வு வேலையின் தொடக்கச் சம்பளத்தை வைத்துக்கொண்டு இந்தத் தவணையைக் கட்டவே முடியாது. அதே வட்டியில் 40 லட்சம் என்றால் மாதம் 44 ஆயிரத்தைச் சுற்றி வரும். மூச்சு முட்டும், ஆனால் முடியும். ஆகவே என் கட்சி: பாதிக்கு மேல் உதவித்தொகை கிடைக்காமல் அமெரிக்கா போகாதீர்கள். எம்.எஸ். படிக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடவே வேண்டாம், அவனுடைய சம்பளக் கணக்கு வேறு.

வங்கிகளின் பொதுவான கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள்; பெயர்பெற்ற பல்கலைகளுக்கு மட்டும் சில வங்கிகள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. அடமானம் என்றால் மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் கருத்து என்று ஒரு சுற்று உண்டு. தாத்தா பெயரிலேயே இருக்கிற பட்டாவை அப்பா பெயருக்கு மாற்றவே மாதங்கள் ஓடிவிடும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் வகுப்பு தொடங்கிவிடும். வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரி விலக்கு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஜெர்மனி அரசுப் பல்கலைகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்றிதழ் சரிபார்ப்புச் சான்றும் கட்டாயம். பக்கத்திலேயே வேண்டும் என்றால் சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரிலான பொதுக்கொள்கைப் பள்ளி இருக்கிறது. தீபாவளிக்கு வந்து போகலாம்.

உதவித்தொகை எதற்கெல்லாம் போடலாம்?

அமெரிக்காவுக்கு என்றால் ஃபுல்பிரைட்-நேரு முதுகலைத் திட்டத்தில்தான் இந்த இரண்டு துறைக்கும் இடம் இருக்கிறது. பொது நிர்வாகமும் அதன் பட்டியலில் உண்டு, பன்னாட்டு விவகாரமும் உண்டு. 55 சதவீத மதிப்பெண், மூன்று வருட முழுநேர வேலை அனுபவம், நான்கு வருட இளங்கலை அல்லது முடித்த முதுகலை. கட்டணம், விமானம், வாழ்க்கைச் செலவு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜே-1 விசா என்பதால் முடித்த பிறகு இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தாக வேண்டும். அதைத் தண்டனையாக நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

பிரிட்டனுக்கு செவனிங்: ஒரு வருட முதுகலை, 2,800 மணி நேர வேலை அனுபவம். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டுஸ்.

தமிழ்நாட்டு மாணவர்கள் கவனிக்காமல் விடுவது மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தனி. அதற்குக் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் நடப்பு ஆண்டுக்கானதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல விண்ணப்பங்கள் இந்த ஒரு காகிதத்தில் நின்றுபோயிருக்கின்றன.

நோக்கக் கட்டுரையில் என்ன எழுதுவது?

அப்துல் கலாம் மேற்கோளில் தொடங்காதீர்கள். "சிறு வயதிலிருந்தே நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று கனவு" என்பதையும் விட்டுவிடுங்கள். தேர்வுக் குழு அதை அன்றைக்கு மட்டும் பத்துத் தடவை படித்திருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண் மாநகராட்சி ஒப்பந்த வேலையில் இருந்தவர். முதல் வரைவு முழுக்க 'நல்லாட்சி', 'வெளிப்படைத்தன்மை'. பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார்: வெளிநாட்டு வங்கிக்கு மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில் 'பெறப்பட்ட புகார்கள்' என்ற கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்தான் இருக்கும். புகார் வராததால் இல்லை. வார்டு அலுவலகத்தில் வாயால் சொன்ன புகாரைப் பதிவு செய்ய நோட்டே இல்லை. அவர் ஒரு நோட்டு போட்டார், எண்ணிக்கை ஏறியது, மேலதிகாரி கோபித்துக்கொண்டார். கட்டுரை அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கட்டும் என்றேன். இரண்டு பட்டம் ஏன் என்ற கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலையாதீர்கள். உங்கள் வேலையைப் பார்த்தவர் எழுத வேண்டும்.

விசா?

அமெரிக்க மாணவர் விசாவுக்கு சேவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185. கைரேகை ஒரு நாள், ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் ஒரு நாள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்குச் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். ஏன் இரண்டு பட்டம் என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டு பட்டம் வாங்கினால் அமெரிக்காவில் இரண்டு மடங்கு காலம் வேலை செய்யலாம் என்று ஒரு வதந்தி ஓடுகிறது. கிடையாது. ஓ.பி.டி. எனும், படிப்பு முடிந்த பிறகு அங்கே வேலை செய்யும் அனுமதி ஒரு கல்வி நிலைக்கு 12 மாதம்தான். முதுகலை இரண்டு இருந்தாலும் நிலை ஒன்றே. கூடுதல் 24 மாதம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புக்கு மட்டும். இந்தத் துறையில் அது பெரும்பாலும் கிடைக்காது.

முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அமெரிக்க மத்திய அரசு வேலை பெரும்பாலும் குடிமக்களுக்கு. ஐந்து வருடத்துக்கு முன்பென்றால் வாஷிங்டனில் வளர்ச்சித் திட்ட நிறுவனங்கள் நிறைய என்று சொல்லியிருப்பேன். 2025-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டை மூடிய பிறகு அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. அனுபவசாலிகளே வேலை தேடுகிறார்கள். உலக வங்கி, ஐ.நா. அமைப்புகளுக்கு ஹெச்-1பி தேவையில்லை, அவர்களுக்குத் தனி விசா. ஆனால் உள்ளே நுழைவது அரிது. ஐ.நா.வின் இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது 32-க்குள் இருக்க வேண்டும், அந்த வருடப் பட்டியலில் நம் நாடும் இருக்க வேண்டும். இந்தியத் தூதராகப் போவது யு.பி.எஸ்.சி. வழியாகத்தான், எத்தனை பட்டம் வாங்கினாலும்.

சென்னையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். தரமணியில் உலக வங்கிக்கு ஒரு பெரிய அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலும் நிதி, கணக்கு, தொழில்நுட்பப் பணிதான்; கொள்கைப் பணி என்று எண்ணிப் போகாதீர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வறுமை ஒழிப்பு ஆய்வு செய்யும் ஜே-பால், அடையாறு வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஆகியவை ஆய்வுப் பக்கம். அடையாறு நிறுவனத்தை 1971-ல் தொடங்கிய மால்கம் ஆதிசேசய்யா அதற்கு முன் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். பிறகு சென்னைப் பல்கலைத் துணைவேந்தர். அரசுப் பக்கம் மாநிலத் திட்டக் குழு, 2022-ல் வந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். எல்லாவற்றையும்விட அதிகம் ஆள் எடுப்பது, கடன் வாங்கி நடக்கும் திட்டங்களின் மேலாண்மைப் பிரிவுகள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பெயர்ப்பலகையில் பகட்டு இருக்காது, கற்றுக்கொள்வது அதிகம்.

திரும்பி வந்தால் இந்தப் பட்டம் இங்கே செல்லுமா?

தனியார், தொண்டு நிறுவனங்களில் யாரும் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் முனைவர் படிப்புக்கும் இணைச் சான்று (வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) வேண்டும். 2025-ல் வந்த ஒழுங்குமுறையின்படி அதை யு.ஜி.சி.யே தருகிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் பொது நிர்வாகம் 14-ஆம் எண் பாடம், பன்னாட்டு உறவு அடங்கிய பாடம் 90. உங்களுக்கு இரண்டிலும் எழுதத் தகுதி உண்டு, வேறு வேறு சுழற்சியில். இது இந்தப் பட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத லாபம்.

வயது 30. லேட்டா?

இல்லை.

எப்போது தொடங்க வேண்டும்? கன்சல்டன்சியிடம் போகலாமா?

ஆகஸ்டில் வகுப்பு என்றால் விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில். ஃபுல்பிரைட் இன்னும் முன்னால், வழக்கமாக மே மாதத்தில். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிப்பதை எல்லாவற்றுக்கும் முன் செய்யுங்கள்; மதிப்பெண் பட்டியலில் பெயரின் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே பாருங்கள். தமிழர்களுக்கு மட்டும் விதித்த தொல்லை இது: அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டதா, விட்டதா என்று ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

கன்சல்டன்சிகள் சில பல்கலைகளிடம் கமிஷன் வாங்குகிறவை. கமிஷன் தராத பள்ளியை அவர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மேலே சொன்ன பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த வகையில் வராது. அமெரிக்கப் படிப்புக்கு எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை இருக்கிறது, ஃபுல்பிரைட்டை நடத்தும் யு.எஸ்.ஐ.இ.எஃப்.பின் சென்னை அலுவலகத்தில் கேட்கலாம். படிவம் நிரப்பப் பயமாக இருந்தால் அதற்கு மட்டும் யாரிடமாவது பணம் கொடுங்கள். கட்டுரையை நீங்களே எழுதுங்கள்.